வேம்படி அய்யா பேரில் ஒரு பொய்

ஏப்ரல் 25, வெள்ளி

மருந்துக் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் மேசை ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று உருவி எடுத்து வந்துவிட்டேன். மேசை ஆடினால் ஆடட்டும். யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஆனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் முருகானந்தம், பிள்ளைகளுக்குத் தெரியாமல் டிக்கெட் எடுத்திருக்கிறார். மெட்ராஸுக்கு வெளியே ஆனந்தத் தீவு என்று ஒரு விளையாட்டுப் பூங்காவாம். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, அலையடிக்கும் குளம், தங்குவதற்கு உள்ளேயே ரூம். மே பன்னிரண்டில் இருந்து மூன்று நாள். நான் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே காதருகில் வந்து சொல்கிறார்.

"கேட்டுல போய் நிக்கிற வரைக்கும் ரெண்டுக்கும் தெரியக் கூடாது வாசுகி. அப்ப அதுங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு நான் பாக்கணும்."

ஏதோ வீடியோவில் பார்த்தாராம். அப்பா சொன்னதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கத்திக்கொண்டு சோபாவில் ஏறிக் குதித்தார்களாம். நம் வீட்டில் குதிப்பதற்கு சோபா இல்லை என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரும்? ஆச்சரியம் கொடுப்பது அவர் வேலை, அதைக் கட்டிக் காப்பது என் வேலை. நிதிலனுக்கு எட்டு வயது, பஸ் தஞ்சாவூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பான். எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் எடுத்து வைப்பது யார்? தர்ஷிகா போன ஜனவரியில் பெரியவளானாள். சடங்குக்கு இவர் மஸ்கட்டில் இருந்து வீடியோ காலில் வந்தார், மாமன் மாலை போடும்போது நெட்வொர்க் போய்விட்டது. அந்த வயசுப் பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் விளையாட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் அது அவளுக்கு ஆச்சரியமா, அவமானமா? இதெல்லாம் வீடியோவில் வராது.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பிப்ரவரியில் பெட்டியோடு வந்து இறங்கியவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "இதோட சரி வாசுகி, இனிமே போகலை" என்றார். அன்றைக்கே நான் ஏணி போட்டு அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். நிதிலன் பிறப்பதற்கு முன்னாலிருந்து வருவதும் போவதுமாக இருந்த மனுஷன். இப்போது இங்கே இருக்கிறார். எனக்கு அது போதும். மற்றதற்கெல்லாம் திட்டிக்கொள்ளலாம், திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் இருக்கிறாரே.

ஏப்ரல் 27, ஞாயிறு

மத்தியானம் மீன் குழம்பு. சாப்பிடும்போது நிதிலன் ஆரம்பித்தான்.

"அப்பா, மே பன்னெண்டுலேர்ந்து கராத்தே கேம்ப் இருக்குப்பா. சேரவா?"

"அப்ப நாம ஊர்லயே இருக்க மாட்டோம்டா."

வாயில் சோற்றோடு உளறிவிட்டார். நான் முறைத்தேன். "எங்கப்பா போறோம்?" என்று அவன் விடாமல் கேட்க, இவர் சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்: "கோயிலுக்கு. வேம்படி அய்யா கோயிலுக்கு."

உலகத்தில் எத்தனை பொய் இருக்கிறது! கல்யாணம் என்றிருக்கலாம். காதுகுத்து என்றிருக்கலாம். இந்த மனுஷனுக்குக் குலதெய்வம்தான் கிடைத்தது. அய்யா பேரைச் சொல்லி வருகிறேன் என்றுவிட்டுப் போகாமல் இருந்தால் அய்யா விடமாட்டார் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்ததே இவர்தான்.

கோயில் என்றால் ஆட்டுக்கறி, மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல். குதிக்க வேண்டிய நிதிலன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். தர்ஷிகா தம்பியைப் பார்த்தாள். பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

"அப்பா பேசிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிக்கிற. என்னடி திமிரு?" என்று கத்தினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தர்ஷிகா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில்.

ஏப்ரல் 30, புதன்

லேபில் ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருக்கிறேன், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பேராவூரணியில் இருந்து சரோஜா அண்ணி. இவருடைய அக்கா.

"ஏம்மா வாசுகி, இந்த நேரத்துல அய்யா கோயிலுக்குப் போறீங்க. கூடப் பொறந்தவ ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, ஞாபகம் வரலையா?"

"இல்லண்ணி, சும்மா குடும்பத்தோட ஒரு நட..."

"அப்ப நான் குடும்பம் இல்லையா?"

இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? நிதிலன்தான் அவர்களுக்குப் போன் போட்டானாம். "எதுக்கு அத்தை கோயிலுக்குப் போறோம்னு என்னையே கேக்குறான் புள்ள. நீங்க புள்ளைகிட்டகூடச் சொல்றதில்லையா?" என்று அதற்கும் எனக்கே அர்ச்சனை. கிடா அவர்கள் பொறுப்பாம். பொங்கல் சாமான் என் பொறுப்பாம். மே பதினொன்று ஞாயிற்றுக்கிழமை நாளும் குறித்தாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விளையாட்டுப் பூங்காவை ஒளிக்க ஒரு கிடா சாக வேண்டுமா என்று கேட்டேன். போன் வந்தது என்று மாடிக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் எல்லாப் போனும் மாடியில்தான். வாசலில் ஏசி சர்வீஸ் போர்டு மாட்டியிருக்கிறாரே, அது விஷயமாக இருக்கும்.

அண்ணி "இந்த நேரத்துல" என்றார்களே, எந்த நேரத்தில்? லீவு நேரத்தில் என்றுதான் இருக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

இன்று நேருக்கு நேர் கேட்டேன். தர்ஷிகாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம். பெண்பிள்ளைக்கு அவள் நாள், அவள் துணி, அவள் வெட்கம் எல்லாம் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் நிதிலன் கோயில் கோயில் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் அவளே சரி செய்துவிடுவாள்.

"ஒரே ஒரு தடவை விடேன் வாசுகி. எல்லாம் உன் இஷ்டப்படிதான இந்த வீட்ல நடக்குது. இது ஒன்னாவது நான் செஞ்சதா இருக்கட்டும். அதுங்க மனசுல நிக்கணும்."

என் இஷ்டப்படி நடக்கிறதாம்! பேன் சீவுவது என் இஷ்டம். பெற்றோர் கூட்டத்தில் நிதிலனின் கணக்கு மார்க்குக்குத் தலைகுனிந்து நிற்பது என் இஷ்டம். அவசரத்துக்கு கேஸ் சிலிண்டரை உருட்டி வருவது என் இஷ்டம். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்புறம் நானே கொஞ்சம் இறங்கி வந்தேன். "மனசுல நிக்க என்ன அவசரம்? நீங்கதான் இங்கயே இருக்கப் போறீங்களே, வருஷா வருஷம் கூட்டிட்டுப் போனா தானா நிக்குது" என்றேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மோட்டாரே போடவில்லை. வரவர மறதி அதிகமாகிவிட்டது இவருக்கு.

மே 3, சனி

காலையில் ஏதோ வேலை என்று தஞ்சாவூர் போய் வந்தார். சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டிய தடம், நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

"என்ன அது?"

"எறும்பு கடிச்சிருச்சு."

தினமும் நாற்பது கையில் ஊசி குத்துகிறவள் நான். எறும்பு என்கிறார்.

எறும்பாகவே இருக்கட்டும்.

மே 6, செவ்வாய்

லேபில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போனேன். தர்ஷிகாவுக்கு முழங்கால் வரை மூடும் நீச்சல் உடை, நிதிலனுக்கு ஒரு கால்சட்டை. இரண்டையும் கொண்டுவந்து உளுந்து டப்பாவில் ஒளித்து வைத்தேன். என் வீட்டில் நானே திருடி. இவரோ, "பெரிய பெட்டியை இறக்கி வையேன், மூணு நாளைக்கு நாலு பேர் துணி" என்கிறார். ஏணியை எடுத்துவந்து இறக்கினேன். பரண் ஏறுவதும் என் இஷ்டம்தானே!

கூடத்தில் பெட்டி வந்ததில் இருந்து பிள்ளைகள் இரண்டும் ஒரு தினுசாக இருக்கின்றன. நிதிலன் முடிவெட்டப் போனாலும் அப்பா, கடைக்குப் போனாலும் அப்பா என்று ஒட்டிக்கொண்டு திரிகிறான். பாத்ரூம் வாசலில்கூட உட்கார்ந்திருக்கிறான். தர்ஷிகா, சொல்லாமலே அப்பாவின் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்குகிறாள். அவள் பள்ளிச் சீருடையை இஸ்திரி போடச் சொன்னால் நூறு முறை கத்த வேண்டும். கோயிலில் மொட்டை போட்டுவிடுவார்கள் என்று பயமோ என்னவோ. "யாருக்கும் மொட்டை கிடையாதுடி" என்று நானாகவே சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் குழந்தை, அவள் பெரியவள் என்பது போல.

மே 9, வெள்ளி

கிடா வந்துவிட்டது. முருங்கை மரத்தில் கட்டியிருக்கிறது. நான் துவைத்துப் போட்ட துண்டில் பாதியைத் தின்றுவிட்டது. அண்ணியும் வந்துவிட்டார்கள்.

"கோயில் முடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிடலாம். அய்யாவையும் பார்த்த மாதிரி ஆச்சு, நல்லதாப் போச்சு" என்கிறார் இவர். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரின் முகமா இது? நிம்மதியாக இருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மே 11, ஞாயிறு

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் பெட்டி. பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன், கோபத்தில்தான். வேறெதிலும் இல்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பொங்கல் பொங்கியது. கிடா வெட்டினார்கள். பூசாரி இவரைத் தனியாக அழைத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். திருநீறு பூசினார். பிறகு மஞ்சள் துணியில் முடிந்த மண்ணை எடுத்து இவர் கையில் வைத்தார்.

அந்த மண் என்ன என்று எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது. இவர் பாட்டனார் மலேயாவுக்குக் கப்பல் ஏறிய காலத்துப் பழக்கம். அய்யாவிடம் உத்தரவு வாங்கி, மரத்தடி மண்ணை முடிந்து எடுத்துக்கொண்டு போனால் பத்திரமாகத் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை. போன தடவையும் வாங்கினார், அதற்கு முந்தின தடவையும் வாங்கினார். இந்த முறை விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறவருக்கு எதற்கு?

"சரோஜாக்கா சொன்னாங்க, பயணம்னு" என்றார் பூசாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் நிதிலன் பாய்ந்து அதைப் பிடுங்கினான். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். மண்ணை மரத்தடியில் கொட்டி, இரண்டு காலாலும் தேய்தேய் என்று தேய்த்துத் தரையோடு கலந்துவிட்டான்.

"இனிமே அப்பா போக முடியாதுல்லக்கா?" என்று தர்ஷிகாவைக் கேட்டான். வாயெல்லாம் மண்.

"அடப்பாவி, என்னடா பண்ணிட்ட!" என்று அண்ணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள்.

"புள்ள மேல கை வச்சீங்க, பார்த்துக்கங்க அண்ணி" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்களை நான் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பேசினேன்.

தர்ஷிகாதான் என் பக்கத்தில் வந்து நின்றாள். "கோயில்னு அப்பா சொன்ன அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்மா. ஒவ்வொரு தடவையும் இங்க வந்துட்டுதான போவாங்க. உனக்கு நெஜமாவே தெரியாதா?"

இவரைக் கேட்டேன்.

"எப்ப?"

"ஜூன் ரெண்டாம் தேதி."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம்தான்."

"என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"பார்க்குக்குப் போயிட்டு வந்து. எல்லாரும் சந்தோஷமா இருக்கறப்ப சொல்லலாம்னு."

கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பார்களே, அந்த வேலை. அதற்குத்தான் இத்தனை ரகசியம். மாத்திரை எனக்கும் சேர்த்து! அந்தப் பழத்தை நான் உளுந்து டப்பாவில் ஒளித்து வைத்துக் காவல் காத்திருக்கிறேன்.

மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் அவர் பேசினார்.

"இங்க நான் யாரு வாசுகி? டீத்தூள் எங்கன்னு கேட்டா நிதிலன் எடுத்துத் தர்றான். எந்த சுவிச்சு எதுக்குன்னு இன்னும் தெரியல. போர்டு மாட்டி இத்தனை நாளாச்சு, ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. நீங்க மூணு பேரும் ஒரு பழக்கத்துல இருக்கீங்க. நான் விருந்தாளியாட்டம் உக்காந்திருக்கேன். அங்கன்னா நான் ஒரு ஆளு."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தின் மேலேயே கோபமும் வந்தது.

"விருந்தாளிதாங்க போறப்ப புள்ளைங்க கையில பொட்டலத்தைக் குடுத்துட்டுப் போவான். அப்பன் குடுக்க மாட்டான்" என்றேன்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நானே சொன்னேன். ஆனந்தத் தீவு, ராட்டினம், அலைக் குளம், மூன்று நாள். உத்தரவாவது ஒன்றாவது! யாரும் கத்தவில்லை. குதிக்கவில்லை. நிதிலன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அங்க போகலைன்னா அப்பா இங்கயே இருப்பாங்களா?"

அண்ணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் அவர். டிக்கெட் போனால் போகட்டுமாம். நான் விடவில்லை. "கேட்டுல நிக்கும்போது அதுங்க மூஞ்சியைப் பாக்கணும்னு சொன்னீங்கல்ல? வாங்க. வந்து பாருங்க. பார்த்துட்டு அப்புறம் ஜூன் ரெண்டைப் பத்திப் பேசலாம்" என்றேன். அதனால்தான் இந்த பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

மே 12, திங்கள்

நிதிலன் வாந்தி எடுக்கவில்லை. அவர் மடியில் தலை வைத்து விழுப்புரம் தாண்டியும் அசையாமல் தூங்கினான்.

ஆனந்தத் தீவின் வாசலில் பெரிய பிளாஸ்டிக் யானை நிற்கிறது. தும்பிக்கையில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ஓவென்று கத்தினார்கள். அவர்களுடைய அப்பா போனில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

இவரும் போனை எடுத்தார். பிள்ளைகளுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று போனைத் தூக்கினார். நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

நிதிலன் யானையைப் பார்க்கவில்லை. தர்ஷிகா ராட்டினத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. இமைகூட ஆடவில்லை. ஒருமுறை ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியில் நின்று அவர் உள்ளே போவதைப் பார்த்தபோதும் பிள்ளைகள் இப்படித்தான் நின்றன. அப்போது அவர் முதுகு காட்டிப் போனார், பார்த்திருக்க மாட்டார். இப்போது பார்த்தார்.

போனை இறக்கிவிட்டார்.

"உள்ள போங்க சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று கேட்டில் இருந்த பையன் சொன்னான். யாரும் நகரவில்லை. நல்லா பார்க்கட்டும் என்று நானும் நகரவில்லை.

மே 13, செவ்வாய்

தர்ஷிகா இன்று தண்ணீரில் இறங்கவில்லை. காரணம் நான் அன்றைக்கே இவரிடம் சொன்ன அதே காரணம், அவள் நாள். முந்தாநாளே அவளிடம் சொல்லிவிட்டதால் வேண்டியதெல்லாம் அவள் பையிலேயே இருந்தது. பிற்பாடு யாரும் மறுக்கக் கூடாது என்று இதையும் எழுதி வைக்கிறேன்.

அவரும் இறங்கவில்லை. நாள் முழுக்க அவளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாப்கார்ன் வாங்கி வந்தார். சடங்கு அன்று என்ன நிறப் புடவை என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மாம்பழக் கலர்ப்பா. மாலை போடுறப்ப உங்க படம் அப்படியே நின்னுபோச்சு, வாய் திறந்தபடி" என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் ராட்டினத்தில் நிதிலனோடு ஏறி அடித்தொண்டையில் கத்தினேன். கத்துவதற்கு எனக்கு நிறைய இருந்தது.

மே 15, வியாழன்

வீடு வந்து சேர்ந்தோம். துணி மலை. பெட்டி கூடத்திலேயே நிற்கிறது. இந்தத் தடவை பருப்புப்பொடி இடிக்க மாட்டேன், ஊறுகாய் கட்ட மாட்டேன், பெட்டி அடுக்க மாட்டேன். போகிறவர் அவரே அடுக்கிக்கொள்ளட்டும்.

மே 17, சனி

காலையில் போன் வந்தது. வழக்கம்போல் எழுந்தார். மாடிப்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் போட்டார். ஏஜென்ட்டின் குரல் வீடெல்லாம் கேட்டது. விசா வந்தாச்சு, மெடிக்கலும் பாஸ், என்னிக்கு வந்து வாங்கிக்கிறீங்க என்று.

பிள்ளைகள் இட்லித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டன. நான் அடுக்களையில் அடுப்பைக் குறைத்தேன்.

"நான் வரலை சார்" என்றார். அந்த ஆள் கத்தினான். "ஆமா சார், முடிவாத்தான் சொல்றேன். இல்ல சார், வீட்ல யாரும் சொல்லல. நானா பார்த்தேன்" என்றார்.

நிதிலன் இப்போது கத்தினான். குதிக்க சோபா இல்லாததால் பெட்டியின் மேலே ஏறிக் குதித்தான். தர்ஷிகா அப்பா தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

என் கோபம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. அந்த எறும்புக்கு மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்காவது அவரிடம் கணக்குக் கேட்பேன். தொழிலுக்கு என்ன செய்யப் போகிறார் என்று தெரியவில்லை. போர்டைப் பார்த்து யாரும் வரவில்லை என்றால் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்க் கேட்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"வாசுகி, பரண்ல ஏத்தணும். ஏணி எங்க இருக்கு?"

நான் சொல்லவில்லை. பிள்ளைகளையும் சொல்லவிடவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். மாடியில் பார்த்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

தேடட்டும். இந்த வீட்டில் இருக்கப் போகிறவருக்கு ஏணி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.